குடும்பத் தலைவர்

பணக்காரருக்கென்று கட்டி, வாங்க ஆளில்லாமல் நின்ற கடற்கரைச் சொகுசு மாடிக் குடியிருப்பை, சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு ஒருவழியாக அரசாங்கம் பங்கிட்டது. ஏழாம் மாடி வீட்டுச் சாவியை, அந்தத் திறப்பை, அதிகாரி அஸ்மீர் வரிசையில் நின்ற காலிதீனிடம் நீட்டினார். பின்னால் நின்ற பௌசியா குறுக்கே பாய்ந்தாள்.

“எண்ட பேருல எழுதுங்க சேர். நம்மட ஊருல வீடு பொம்புளைக்குத்தானே!”

“இருபது வருசத்துக்கு முந்திப் பதிஞ்ச பட்டியல் ராத்தா. குடும்பத் தலைவர் இவர்தான்.”

“அப்ப நான் ஆரு?”

காலிதீன் தலைகுனிந்து நின்றார். அஸ்மீருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாலு பேருக்கு முன்னால புருசன இப்பிடியா அவமானப்படுத்துற? எவ்வளவு பொறுமையான மனிசன்!”

“ஓம் சேர், பொறுமையான மனிசன்தான்.” பௌசியா திறப்பைப் பிடுங்கினாள். “என்னயும் மூணு புள்ளையளயும் அகதிக் கொட்டில்ல உட்டுட்டு, தலாக் சொல்லிப் போய்ப் பதினெட்டு வருசம். வீடு கிடைக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, இண்டைக்குத்தான் வந்திரிக்கார்!”