காலை மாத்திரை

மூன்றாவது நாளாகக் கந்தப்பன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் மடக்மடக்கென்று குடித்தார். சந்தேகம் வராமலிருக்க ஓர் ஏப்பமும் விட்டார்.

"முழுங்கிப்போட்டீங்களா?" வள்ளியாத்தாள் அவர் தொண்டையையே பார்த்தபடி கேட்டாள்.

தலையாட்டினார். அவள் சமையலறைக்குப் போனதும் வாஷ்பேசினில் துப்பிக் குழாயைத் திறந்துவிட்டார். பெண்டாட்டி தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள் என்பதில் அவருக்கு முக்கால்வாசி நிச்சயம்.

துடியலூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் கந்தப்பன். காதுகுத்து வீடானாலும் சரி, மைக் கிடைத்தால், "எழுத்தறியாத வீடு இருட்டு வீடு!" என்று முழங்கிவிட்டுத்தான் பந்திக்குப் போவார். நாலு மாதத்துக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் போகவில்லை. பேச்சும் போகவில்லை, அதில் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். படிப்பு மட்டும் போய்விட்டது. பேனாவைக் கொடுத்தால் பக்கம் பக்கமாக எழுதுவார். எழுதியதையே திருப்பிக் காட்டினால், காகிதத்தில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல் விழிப்பார்.

மூளைக்குப் பயிற்சி கொடுக்க, பீளமேட்டிலிருந்து நந்திதா என்ற பெண் வாரம் இரண்டு நாள் வந்தாள்.

"கண்ணு வழியாப் போற ரோடு அடைச்சிருக்குதுங்க சார். விரல் வழியாச் சுத்திப் போலாம். எழுத்து மேலயே விரலை ஓட்டுங்க, கை சொல்றதை மூளை புடிச்சுக்கும்." போகும்போது வள்ளியாத்தாளிடமும் சொன்னாள்: "கையில கெடைக்கறதையெல்லாம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கம்மா."

வள்ளியாத்தாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மெடிக்கல்ஸ்காரர் பேனாவால் எழுதிக் கொடுத்த இரண்டு மாத்திரைக் கவர்களையும் தினமும் காலையில் அவர் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"இதுல என்னன்னு போட்டிருக்குது? சொல்லுங்க பாக்கலாம்."

அவருக்கு வராது.

"நல்லாப் பாருங்க."

வரவே வராது. ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு கவரைப் பிரித்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். நாற்பத்தொரு வருசம் தினமும் பேப்பரைத் தலைப்புச் செய்தியிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டிய மனிதருக்கு, இது பழிவாங்கலாகத்தான் பட்டது.

அதுகூடப் போகட்டும். ஒரு மாதமாக அந்த மாத்திரை உள்ளே போன அரை மணியில் கண் சொருகியது. பகலெல்லாம் பிணம் மாதிரிக் கிடந்தார். ஒருநாள் குளியலறையில் விழுந்ததில் நெற்றி பிளக்கப் பார்த்தது. பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தபோது, "அப்பா எந்திரிக்கவே மாட்டீங்கறாரு கண்ணு. இனி இப்படியேதான் போகும்போல," என்று வள்ளியாத்தாள் தணிந்த குரலில் சொன்னது அரைத் தூக்கத்தில் அவர் காதில் விழுந்தது.

ஒரு பெண்டாட்டி இப்படிச் செய்ய என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தார். காரணங்கள் வரிசைகட்டி வந்தன. பத்தைத் தாண்டியதும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

துப்ப ஆரம்பித்த மூன்றே நாளில் தலை தெளிந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறிய நேரம் பார்த்து, காலையில் அவள் பிரித்த கவரை எடுத்தார். எழுத்தின் மேல் விரலை வைத்தார். விரல் வளைந்தது, சுழித்தது, நின்றது. மறுபடியும் ஓட்டினார். ஏழாவது தடவை உதடு தானாக அசைந்தது.

"இ."

நெற்றி வியர்த்தது. "ர." கடைசி எழுத்தின் மேல் இரண்டு தடவை விரலை ஓட்டினார். "வு."

இரவு.

நாலு மாதத்தில் அவர் படித்த முதல் சொல். சந்தோஷப்படக்கூட முடியவில்லை. ராத்திரி கொடுக்க வேண்டிய தூக்க மாத்திரையைத் தினமும் விடிந்ததும் கொடுத்திருக்கிறாள்!

வள்ளியாத்தாள் காலி பக்கெட்டோடு இறங்கி வந்தாள்.

"ஏண்டி! இரவுன்னு போட்டிருக்கறதைக் காலைல குடுத்து என்னைக் கொல்லப் பாக்கறயா? வாசல்ல நின்னு நாலு பேரைக் கூப்புடட்டுமா?"

பக்கெட் கையிலிருந்து நழுவி உருண்டது. அவள் நேராகப் போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் இழுத்துச் சாத்தினாள். கந்தப்பன் சோபாவின் மூலைக்கு நகர்ந்தார். கைத்தடி எட்டாத தூரத்தில் இருந்தது.

"சத்தம் போடாதீங்க." கிட்டே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "வெளிய தெரிஞ்சா உங்க பேருதான் கெட்டுப்போகும்."

"என் பேரா?"

"முன்னெல்லாம் ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரோசு. போன மாசம் கம்பெனிய மாத்திக் குடுத்துப்போட்டாங்க, ரெண்டும் வெள்ளையா வந்துருச்சு. அதுக்குத்தான தினமும் உங்களக் கேட்டேன்."

"என்னை எதுக்குடி கேக்கோணும்? கவர் மேலயே எழுதித்தான இருக்குது!"

அவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."