பாறையைத் தூக்கிய தையல்காரர்

"கொஞ்சம் குனிஞ்சாலே முதுகு சுக்குநூறாயிடுமாம் இவருக்கு!" என்று மகளை இடுப்பில் சுமந்தபடி தையல்காரரைப் பற்றி முறையிட்டாள் மனைவி.

பிசியோதெரபிஸ்ட் சிரித்தபடி அவர் கண்களில் மாயக்காட்சி காட்டும் வி.ஆர். கருவியை மாட்டினார். உள்ளே மதில்போல் முதுகுள்ள ஒரு பயில்வான் நின்றான். இவர் அசைந்தால் அவனும் அசைந்தான்.

"அது நீங்கதான். எதிர்ல இருக்கிற பாறையைத் தூக்குங்க."

வெறுங்காற்றுதானே! தையல்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு குனிந்தார். பாறை நிஜமாகவே கனத்தது. வெதுவெதுப்பாக வேறு இருந்தது. பயில்வான் விடுவாரா? தம் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பாறை களுக்கென்று சிரித்தது.

கருவியைக் கழற்றினார்கள். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள், ஒரு வருடமாக அவர் தூக்கவே பயந்த மகள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் பயில்வானே தூக்கிட்டு வரட்டும்," என்று மனைவி கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.