நாலாவது ராக்கெட்

"டீவி சத்தத்தைக் கூட்டுங்க. எரிபொருள் நிரப்ப ஆரம்பிச்சுட்டான்!"

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து சோபாவில் உட்கார்ந்தாள் மனைவி.

கணவரான லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காது மடல் சூடானது. 'ஆரம்பிச்சுட்டாங்க' இல்லை, 'ஆரம்பிச்சுட்டான்'. எவ்வளவு உரிமை!

அந்த 'ட்டான்' ஒரு தனியார் ராக்கெட் கம்பெனியின் தலைமை என்ஜினீயர். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை. பேச்சு பாதியில் நின்றது; இரண்டு மாதம் கழித்து மெக்கானிக்கோடு கல்யாணம் முடிந்தது. ஏன் நின்றது என்று இவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

போன வருஷம் செய்தியில் அந்த முகம் வந்ததிலிருந்து வீட்டில் ராக்கெட்டைத் தவிர வேறு பேச்சில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்போது ராக்கெட்டில் எத்தனை என்ஜின், எந்த வால்வில் கசிவு, சோதனை ஏன் தள்ளிப்போனது எல்லாம் விரல்நுனியில். கல்யாண நாள் என்றைக்கு என்று கேட்டால் மட்டும் காலண்டரைத் தேடுவாள்.

"ஆளா போறாங்க அதுல? நாலு பெட்டி சாட்டிலைட். அதுக்கா இந்தப் பரபரப்பு?" என்றார் மெக்கானிக்.

"ஷ்! பேசாதீங்க."

கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடு மட்டும் அசைந்தது. தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லையே என்று மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. அவரும் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். கடவுளே, வெடிக்கணும்.

அவர் வேண்டுதல் ஏற்கெனவே இரண்டு தடவை பலித்திருந்தது. முதல் ராக்கெட் மேடையிலேயே சாய்ந்தது. இரண்டாவது எழுபதாவது விநாடியில் சிதறியது. இது மூன்றாவது.

ராக்கெட் கிளம்பியது. எழுபது விநாடியைத் தாண்டியது. மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போன நேரத்தில், "இரண்டாம் அடுக்கு பற்றவில்லை" என்றது அறிவிப்பாளரின் குரல். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கடலில் விழுந்தது.

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அடப்பாவமே" என்றார், முகத்தைக் கஷ்டப்பட்டுச் சோகமாக வைத்துக்கொண்டு.

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மெக்கானிக் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். முதுகைக் காட்டி நின்றாள். வாயில் துண்டை அடைத்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

எட்டு வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், பழுதாகி நின்ற லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோதும் அந்தத் தோள்தான் கண்ணில் நின்றது. அவன் ஆகாசம் வரைக்கும் ஏற்றுகிறவன், நான் பன்னிரண்டாம் மாடி வரைக்கும் ஏற்றுகிறவன். அவள் மனசு எங்கே போகும்? வயிறு எரிந்தது. ஆனாலும் எவனுக்காக அழுதால் என்ன, அழுகிறவள் என் பெண்டாட்டி ஆயிற்றே என்றும் இருந்தது.

நாலு மாதம் கழித்து நாலாவது ராக்கெட். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. மெக்கானிக் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு லீவு போட்டீங்க? உங்களுக்குத்தான் ராக்கெட்டுன்னாலே ஆகாதே!"

"சும்மாதான். நானும் பார்க்குறேனே."

அவள் கைகூப்பினாள். அவரும் கூப்பினார். கசப்பு மாத்திரையை விழுங்குவதுபோல் பொறாமையை விழுங்கிவிட்டு, முதன்முதலாக மனசார வேண்டிக்கொண்டார். போகட்டும். நல்லபடியா மேலே போகட்டும். இவ அழாம இருந்தா சரி.

நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியது ராக்கெட். எழுபது விநாடி கடந்தது. இரண்டாம் அடுக்கு பற்றிக்கொண்டது. சாட்டிலைட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. டீவியில் எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நடுவில் அந்த என்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா! ஜெயிச்சுட்டார்!" என்று மெக்கானிக் திரும்பினார். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அழும்மா, நல்லா அழு. எனக்கு எல்லாம் தெரியும். நான் தப்பா நினைக்கல. சந்தோஷத்துல வர்ற கண்ணீர்தானே?"

"சந்தோஷமா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "'நான் போற உயரத்துக்கு இந்தப் பொண்ணு சரிப்பட மாட்டா'ன்னு, எங்க வீட்டுலேயே, எங்கப்பா முன்னாடி சொல்லிட்டு எழுந்து போனவன் அவன். அந்த அவமானத்தை உங்ககிட்டகூட நான் சொன்னதில்லை. மூணு தடவையும் வெடிக்கணும்னு வேண்டிக்கிட்டேன், மூணு தடவையும் பலிச்சுது. போன தடவை வந்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டுடக் கூடாதேன்னு வாயில துண்டை அடைச்சுக்கிட்டு நின்னேன்!"

மெக்கானிக் இன்னும் கூப்பியபடியே இருந்த கைகளை மெதுவாகப் பிரித்தார்.

"இன்னைக்குன்னு பார்த்து எந்தப் பாவி குறுக்கே புகுந்து வேண்டிக்கிட்டானோ, தெரியலையே!" என்று அவள் மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.