மூங்கில் வளைவு

தேசியப் பூங்காவின் ஊடே பல நாள் நீளும் அந்த ஓட்டப் பந்தயத்தின் மூன்றாம் நாள் காலை, மூங்கில் வளைவில் முபாரக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அதுவரை அவனை முந்துவதற்காகவே ஓடிவந்த ஜெசிந்தா நின்றாள். அவனுக்கு அப்பால், பாதையை அடைத்துக்கொண்டு ஒற்றை யானை.

"அக்கா, நீங்க ஓடிருங்க. என்னால எந்திரிக்க முடியல."

ஓடத்தான் நினைத்தாள். திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள். வந்த வழி இறக்கமாக, வெறிச்சென்று கிடந்தது. ஆனால் அவன் அழ ஆரம்பித்திருந்தான். அவள் தவழ்ந்துபோய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்து, கண்களைக் கையால் பொத்தினாள்.

"சத்தம் போடாத. மூச்ச மெதுவா விடு."

மூங்கில் முறிந்தது. மண் அதிர்ந்தது. பச்சிலையும் சாணமும் கலந்த வெக்கை அவள் முகத்தில் அடித்தது. ஈரமான தும்பிக்கை நுனி அவள் தலைமுடியை முகர்ந்து, கழுத்தில் இறங்கி, அவன் கண்களைப் பொத்தியிருந்த கையின்மேல் வந்து நின்றது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது அதற்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தாள்.

பிறகு எல்லாச் சத்தமும் அடங்கியது. தும்பிக்கை மட்டும் அவள் கையைவிட்டு அகலவில்லை.

"போயிருச்சாக்கா?"

"போயிருச்சுப்பா" என்றாள், உதடு அசையாமல். "நீ அசையாத."