காரை விட்டு இறங்காத ஓரகத்தி

சிவசங்கரி காரை விட்டு இறங்கவே இல்லை.

உள்ளே சுமித்ராவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பலமனேரிலிருந்து வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. பெண்ணின் சித்தப்பா கோபிகிருஷ்ணன் பெங்களூரிலிருந்து வந்ததும் வராததுமாகச் சபைக்குப் போய்விட்டான். அவன் பெண்டாட்டி சிவசங்கரி மட்டும் மூன்று வயசு ஹரிபாபுவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியில் உட்கார்ந்திருந்தாள்.

பெண்ணைப் பெற்ற கமலம்மாவுக்கு வயிறு எரியாதா? குடுபல்லி ஊர்ச் சனம் மொத்தமும் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறது!

ஒரு டம்ளர் பாயசத்தோடு காரிடம் போனாள். சும்மா இருப்பாளா சம்பந்தி செங்கம்மா? அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"வேணாங்கக்கா. இப்பதான் சாப்பிட்டோம்."

"விசேஷ வூட்ல பாயசம் வேணாங்கறியே, நல்லாவா கீது? சரி, புள்ளையையாவது குடு. இன்னாடி இது, மொட்டையும் மாஸ்க்குமா? மொட்டை எப்ப அடிச்சீங்க?"

"போன மாசம்... திருப்பதியில."

"ஓகோ! பெரியப்பன் பெரியம்மான்னு நாங்க ரெண்டு பேரு உசுரோட கீறோம். ஒரு வார்த்தை சொல்லல. ஒரு லட்டு கூட கண்ணுல காட்டல!"

சொல்லிக்கொண்டே கதவைப் பாதி திறந்து பிள்ளையை வாரப் போனாள்.

"அய்யோ, தொடாதீங்கக்கா!"

படாரென்று கதவு சாத்திக்கொண்டது. டம்ளர் தட்டி, பாயசம் முழுக்கக் கமலம்மாவின் பட்டுப் புடவையில் கொட்டியது.

தொடாதே. சின்ன வயசில் கூலிக்குப் போன வீடுகளில் கமலம்மா கேட்ட வார்த்தை அது. தாகம் என்றால் கையைக் குவிக்கச் சொல்லி, எட்ட நின்று தண்ணீர் ஊற்றுவார்கள். ரெண்டு ஏக்கர் வாங்கி, தக்காளி போட்டு, தலை நிமிர்ந்த பிறகு அதை மறந்தே போயிருந்தாள். இப்போது சொந்த ஓரகத்தியின் வாயிலிருந்தா?

"நான் தொட்டா தீட்டாடி? நம்ம மாமியாரும் என்னோட களை எடுத்தவதான்! பெங்களூர்ல வூடு வாங்கிட்டா நீ பெரிய வூட்டுக்காரி ஆயிடுவியா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. சிவசங்கரி பிள்ளையின் மாஸ்க்கைச் சரிசெய்தாள்.

செங்கம்மா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, புள்ளைக்கு ஏதாச்சும் சீக்கா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்கம்மா. கண்டவங்க கை படறது எனக்குப் புடிக்காது. அவ்ளோதான்."

"கேட்டீங்களா சம்பந்தி! நான் கண்டவளாம்!"

"வுடுங்க சம்பந்தி. பட்டணத்துத் திமிரு." செங்கம்மா கமலம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். தட்டு மாற்றியாயிற்று. தை மாசத்தில் முகூர்த்தம்.

எல்லோரும் போன பிறகும் கமலம்மாவின் வாய் ஓயவில்லை.

"இனிமே அவ என் வாசப்படிய மிதிக்கக்கூடாது! கல்யாணப் பத்திரிகையில அவ பேரு வரட்டும், கிழிச்சிப் போடறேன்!"

அவள் புருஷன் முனியப்பன், "போதும் நிறுத்துடி" என்றார். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு தம்பிக்கு வாக்கு குடுத்தேன். இதுக்கு மேல தாங்கல. ஹரிக்கு ஒடம்பு சரியில்ல."

"இன்னா ஒடம்புக்கு?"

"லட்சத்துல ஒரு புள்ளைக்கு வர்ற வியாதியாம். நோய எதிர்க்கற சக்தியே ஊறாது. அவன் எலும்புக்குள்ளாற இருந்து ஸ்டெம் செல்லுன்னு எடுத்து, ஜீன்ல இருக்கற கோளாறைச் சரிபண்ணி, திருப்பி அவன் ஒடம்புலயே ஏத்திக்கீறாங்க. அதுக்கு முன்னாடி குடுத்த மருந்துலதான் முடியெல்லாம் கொட்டிப் போச்சு. புது அணு ஊறி நிக்கற வரைக்கும் ஒரு சளி ஒட்டிக்கினாலும் புள்ள உசுருக்கு ஆபத்து."



"அய்யோ... அப்பறம் ஏன் கூட்டிக்கினு வந்தாங்க? ஏன் சொல்லல?"

"சித்தப்பன் குடும்பம் வரலன்னா செங்கம்மா ஏன்னு தோண்டுவா. அது பரம்பரை வியாதிடி. எங்க வம்சத்துலயும் சிவசங்கரி வம்சத்துலயும் ஒளிஞ்சிக்கினு இருந்தது அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு சேர்ந்துடுச்சி. நம்ம சுமித்ராகிட்டயும் ஒளிஞ்சிக்கினு இருக்கலாம். சொந்தத்துல இல்லாம அசல்ல குடுக்கறதால பயமில்ல, கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கினா போதும்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆனா பரம்பரை வியாதின்னு காதுல வுழுந்தா செங்கம்மா தட்டு மாத்தியிருப்பாளா?"

மாற்றியிருக்க மாட்டாள். அது கமலம்மாவுக்குத் தெரியாதா? போன வருஷம் சுமித்ராவுக்கு வந்த வரனை, பையனுடைய அத்தைக்குக் காக்கா வலிப்பு என்று யாரோ சொன்னதுமே, வாசலோடு திருப்பி அனுப்பியவள் இதே கமலம்மாதானே!

வெட்கம் பிடுங்கித் தின்றது. நடுத்தெருவில் நின்று என்னென்ன பேசிவிட்டாள்! உயிருக்குப் போராடும் பிள்ளையை மடியில் வைத்திருந்தவளிடம் லட்டு கேட்டாளே!

சிவசங்கரிக்குப் போன் போட்டாள்.

"சிவா... என்னை மன்னிச்சிடுடி. உன் கால்ல வேணா வுழுறேன். வாய்க்கு வந்ததெல்லாம் உன்னப் பேசிட்டனே..." விம்மினாள்.

"அழாதீங்கக்கா" என்றாள் சிவசங்கரி. "நீங்க அப்படிக் கத்துனதாலதான் சம்பந்தியம்மா இது வெறும் திமிருன்னு நம்புனாங்க. கல்யாணம் முடியற வரைக்கும், நாலு பேரு எதிர்ல என்னைத் திட்டிக்கினே இருங்க."