ஆறு இலக்கம்

தென்னூரில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஓய்ந்த வெயில் நேரம். சபுராவின் வாசற்படியில் குடிநீர்ப் பிரிவு ஊழியர் பாலமுரளி போனோடு நிற்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. "உங்க புகாரை முடிக்கணும்க்கா. உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க." ஆறு இலக்கமும் சபுராவின் உள்ளங்கையில் ஒளிர்கின்றன. அவள் திரையைக் கவிழ்த்துப் பிடிக்கிறாள். "தண்ணி இன்னும் சாக்கடை நாத்தத்தோடதான் வருது." அவர் நெற்றியைத் துடைக்கிறார். "அடுத்த வாரம் பைப்பை மாத்திடுவாங்க. இன்னைக்குள்ள முடிச்சதா காட்டலைன்னா என்னைத்தான் கேப்பாங்க." சபுராவின் குரல் உயரவில்லை. "சரியாயிடுச்சுன்னு நான் நம்பர் சொன்னா அது பொய் சாட்சிங்க. பதினோரு வீட்டுக்கும் சேர்த்துக் குடுத்த புகாரு இது, என்னை நம்பி ஒப்படைச்ச அமானிதம்." உள்ளே போய் இரண்டு கண்ணாடி டம்ளர்களோடு வருகிறாள். ஒன்றில் கேன் தண்ணீர்; வெயில் அதன் வழியே படியில் வெள்ளையாய் நடுங்குகிறது. மற்றதில் குழாய்த் தண்ணீர். அதன் வழியே விழும் வெளிச்சம் பழுப்பாய்க் கலங்குகிறது. தெளிந்த டம்ளரை அவரிடம் நீட்டுகிறாள். "இது நீங்க குடிக்க." மற்றதைப் படியில் வைக்கிறாள். "இது போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்ப."