ஆட்காட்டியின் தேர்தல் செய்தி

காட்டில் தேர்தல். சிறுத்தையும் மானும் போட்டியிட்டன. ஆபத்தைக் கண்டால் கத்துகிற ஆட்காட்டிக் குருவிக்குத்தான் செய்தி சொல்லும் வேலை.

வாக்குப்பதிவன்று பெண்மான் ஒன்று ஓடிவந்தது. "ஓட்டுப் போடப் போன எங்க ஆளுங்க யாரும் திரும்பலை. புதர்ல என்னமோ பதுங்கியிருக்கு. பறந்து போய்ப் பாரு தம்பி!"

"பார்த்தா ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரி ஆயிடும்," என்ற குருவி, சிறுத்தையிடம் போய்க் கேட்டது.

"அங்க ஒண்ணும் இல்லையே," என்றது சிறுத்தை, வாயை நக்கியபடி.

குருவி பாறைமேல் நின்று கூவியது: "புதரில் ஆபத்து என்கிறது மான். இல்லை என்கிறது சிறுத்தை."

மிச்சமிருந்த மான்கள் குழம்பின. பிறகு ஓட்டுப் போடக் கிளம்பின.

மாலையில் அவற்றின் கருத்தைக் கேட்கக் குருவி புல்வெளிக்குப் போனது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. புல் மட்டும் அசைந்தது.

திரும்பிவந்து நிதானமாக அறிவித்தது: "வாக்குப்பதிவு அமைதியாக முடிந்தது. மான்கள் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டன."